டயாலிசிஸ் எந்த இடத்தில் பிரிகிறது?

இன்றைய பேராக்கில் 'டயாலிசிஸ்' என்ற சொல்லைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஈப்போ புந்தோங்காக இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டு வெளியேறி சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கம் மலிவு விலை வீடுகளில் குடியேறியவர்களாக இருந்தாலும் சரி, சொந்தத்தில் யாராவது ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அந்த இயந்திரத்தோடு இணைந்திருப்பார். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். 30 விழுக்காட்டையும் தாண்டியது. நம் நாட்டில் சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு முதல் காரணமும் நீரிழிவுதான். ஆக, 'டயபடீஸ்' நுழைந்த வீட்டில் பல வருஷம் கழித்து 'டயாலிசிஸ்' நுழைவது இங்கே பழகிப்போன கதை.

சொல் எல்லாருக்கும் தெரியும். சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. 'ரத்தம் கழுவுறது' என்பார்கள். அது மலாயில் பேச்சுவழக்கில் இருக்கும் 'சூச்சி டாரா' என்பதன் நேர்த் தமிழ். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 'டயபடீஸ்', 'டயாலிசிஸ்' இரண்டும் ஒரே துண்டில்தான் ஆரம்பிக்கின்றன, அந்தத் துண்டுக்கு ஒரு பொருள் உண்டு என்பது நம் காதில் விழவே இல்லை. ஒன்றில் 'டய' என்று குறுகி ஒலிக்கிறது, இன்னொன்றில் 'டயா' என்று நீள்கிறது. காதுக்கு இரண்டும் வேறு வேறு.

ஏன் இப்படி ஆனது என்ற கேள்வியைத் தொடர்ந்து போனால் அது கிரேக்கம், ரோமாபுரி, யாழ்ப்பாணம், பேராக் தோட்டத்து ஆஸ்பத்திரி, கடைசியில் நம் தேசியப் பள்ளி வகுப்பறை என்று ஒரு நீண்ட வழியில் கொண்டு போய் விடுகிறது.

முதலில் அந்தத் துண்டு. கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடாக, நடுவே புகுந்து என்று பொருள். 'லிசிஸ்' என்றால் அவிழ்த்தல், பிரித்தல். ஊடாகப் பிரிப்பதுதான் டயாலிசிஸ். 1861இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் இந்தப் பழைய கிரேக்கச் சொல்லை எடுத்து, ஒரு மெல்லிய சவ்வின் வழியாகச் சிறு துகள்களைப் பெரிய துகள்களிடமிருந்து பிரிக்கும் முறைக்குப் பெயராக வைத்தார். 1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கொல்ஃப் என்ற மருத்துவர் அதே முறையில் மனித ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். சவ்வின் ஊடாகக் கழிவு பிரிந்து போகிறது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

'டயபடீஸ்' என்பதும் அதே 'டியா'தான். ஊடே கடந்து போவது என்று அர்த்தம். குடிக்கிற தண்ணீர் உடம்பில் தங்காமல் உள்ளே புகுந்து வெளியே போய்விடுகிறதே, அதைப் பார்த்துக் கிரேக்க மருத்துவர்கள் வைத்த பெயர். 'டயரியா'வும் அப்படித்தான், ஊடே ஓடுவது. 'டயக்னோசிஸ்' என்பது ஊடறிதல், நோயைத் துருவித் தெரிந்துகொள்வது. நான்கு சொல்லுக்கும் ஒரே வாசல்.

ஆங்கிலம் மட்டுமே பேசுபவர்களுக்கும் இந்த வாசல் தெரிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேக்கம் தெரியாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆங்கிலத்தின் அசைப் பிரிப்பிலும் அழுத்தத்திலும் இருக்கிறது.

ஒரு சொல்லை இரண்டு விதமாக வெட்டலாம். பொருள் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறதோ அங்கே வெட்டுவது ஒன்று. வாய் எங்கே மூச்சை அடக்கி விடுகிறதோ அங்கே வெட்டுவது இன்னொன்று. ஹெலிகாப்டர் நல்ல உதாரணம். கிரேக்கத்தில் 'ஹெலிகோ' என்றால் சுருள், 'ப்டெர்' என்றால் சிறகு. பொருள்படி வெட்டினால் ஹெலிகோ, ப்டெர். ஆனால் ஆங்கில வாய் அதை ஹெலி, காப்டர் என்று வெட்டியது. அந்தத் தப்பான வெட்டிலிருந்துதான் ஹெலிபேட், ஹெலிபோர்ட் எல்லாம் பிறந்தன. நான் பொறியியல் படித்தவன். எந்தப் பொருளைப் பிரித்தாலும் முதலில் ஜாயிண்ட் எங்கே என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள். சொற்களில் ஜாயிண்டை மறைப்பது அழுத்தம்.

டயாலிசிஸ் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசையில் விழுகிறது. அழுத்தம் விழும் குறுகிய உயிரொலி தனக்குப் பின்னால் வரும் மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் அமெரிக்க அகராதிகள் அதை ட-யால்-இ-சிஸ் என்று பிரித்துக் காட்டுகின்றன. 'லிசிஸ்' என்பதன் முதல் எழுத்தான 'ல்' பிய்ந்து முன்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது ஒலிப்படி உடைப்பது அமெரிக்க வழக்கம். சொல்லின் பகுதிகளுக்கும் மதிப்புக் கொடுத்து உடைப்பது பிரிட்டிஷ் பதிப்பகங்களின் பழைய வழக்கம். அச்சில் எப்படி இருந்தாலும் வாய் ஒலிப்படிதான் போகும்.

இன்னும் வேடிக்கை, கார்டியாலஜி, தெர்மாமீட்டர், லாபராஸ்கோப்பி போன்ற சொற்களில் இருக்கிறது. 'கார்டி' என்றால் இதயம், 'தெர்ம்' என்றால் வெப்பம், 'லாபர்' என்றால் விலாவுக்குக் கீழே உள்ள வயிற்றுப் பக்கம். இவற்றைப் பின்பகுதியோடு சேர்க்க நடுவில் ஓர் 'ஒ' வரும். அதற்குப் பொருள் கிடையாது, வெறும் பசை. ஆனால் ஆங்கிலத்தில் அழுத்தம் சரியாக அந்தப் பசையின் மேல்தான் போய் விழுகிறது. பொருள் உள்ள துண்டுகள் மெலிந்து ஒலிக்க, பொருள் இல்லாத ஒட்டு சத்தமாகக் கேட்கிறது.

இந்த அழுத்தம் கிரேக்கர்களுடையதும் இல்லை. கிரேக்கச் சொற்கள் ஆங்கிலத்துக்கு நேராக வரவில்லை. பெரும்பாலும் லத்தீன் வழியாக, லத்தீன் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தன. கிரேக்கத்தில் ஒலி ஏற்றம் எங்கே வரலாம் என்பதைக் கடைசி அசையின் நீளம் கட்டுப்படுத்தும். லத்தீனில் கடைசிக்கு முந்திய அசையைப் பார்ப்பார்கள். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல். குறிலாக இருந்தால் அதற்கும் முந்திய அசைக்குத் தள்ளிவிடுவார்கள். குறில் நெடில் கணக்குப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான கணக்கே இல்லை.

காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர் வாயில் அது ஏறக்குறைய 'கொலேரா'; ஏற்றம் நடுவில். லத்தீன் கணக்கில் நடு அசை குறில். ஆகவே அழுத்தம் முதல் அசைக்குப் போனது. அங்கிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். 'காலரா' என்று நாம் முதல் எழுத்தை நீட்டும்போது, ரோமானியர்கள் போட்ட விதிதான் அதில் கேட்கிறது. டயரியாவில் நேர்மாறாக நடந்தது. கிரேக்கத்தில் ஏற்றம் 'டியா'வின் ஆகாரத்தில் இருந்தது. லத்தீனில் கடைசிக்கு முந்திய அசை நீளமாக இருந்ததால் அழுத்தம் பின்னால் நகர்ந்துவிட்டது.

தமிழில் சொல்லுக்குச் சொல் மாறும் இந்த மாதிரி அழுத்தம் கிடையாது. ஓர் அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பொருள் மாறாது. பொருளை மாற்றுவது நீளம்தான். 'கல்' வேறு, 'கால்' வேறு. அப்படியானால் அந்நியச் சொல்லின் அழுத்தத்தைத் தமிழ்க் காது என்ன செய்யும்? தன்னிடம் இருப்பதை வைத்துப் பதிவு செய்யும். அழுத்தத்தை நெடிலாக்கிவிடும். நிமோனியாவில் அழுத்தம் 'மோ'வில். நாமும் அங்கேதான் நீட்டுகிறோம். ஹிஸ்டீரியாவில் 'டீ', டிப்தீரியாவில் 'தீ', அனீமியாவில் 'னீ', தெர்மாமீட்டரில் 'மா', டயாலிசிஸில் 'யா'. எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதப்பட்ட சொற்களில் இந்த விதி பிசகும். எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை சொற்கள் ஒத்துப்போவது, இவை புத்தகத்தைப் பார்த்து எழுதப்பட்டவையாக இல்லாமல் காதால் கேட்டு எடுத்துக்கொள்ளப்பட்டவை என்பதற்கு அடையாளம். இந்தத் தமிழ் எழுத்துகளே ஒரு வரலாற்று ஆவணம்.

வெட்டும் இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம். டயாலிசிஸை யாப்பிலக்கணப்படி அசை பிரித்துப் பார்த்தால் டயா, லிசிஸ். இரண்டு நிரையசை, கருவிளம். பொருள் ஒட்டியிருக்கும் இடமும் வெட்டு விழும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. டயபடீஸ்: டய, படீஸ். அதுவும் கருவிளம், அதுவும் சரியான இடத்தில். டயரியா: டய, ரியா. மறுபடியும் கருவிளம். ஆங்கிலம் பிய்த்துப் போட்ட 'ல்' தமிழில் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. டயக்னோசிஸில் மட்டும் இது நடக்காது. 'க்னோ' என்று அசையைத் தொடங்கத் தமிழ் ஒப்பாததால் 'க்' முன்னால் போய் டயக், னோ, சிஸ் ஆகிவிடுகிறது. மற்ற மூன்றிலும் ஆங்கிலத்தைவிட நம் நாக்கு கிரேக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'நம்ம ஆளுங்களுக்கு இங்கிலீஷ் மருத்துவப் பேரு வாயில நுழையாது' என்று கேலியாகச் சொல்வதுண்டு. உண்மையில் நன்றாகவே நுழைந்திருக்கிறது. பொருளைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தர முயன்ற ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், இடையில் சில ஆண்டுகள் ஊருக்குப் போய் 1862இல் திரும்பி வந்தபின் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் அவர் நாடு திரும்பும்வரை அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றார்கள். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. தம் மாணவர்களோடு சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேல் மொழிபெயர்த்தார். 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில், 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்'. கலைச்சொல்லுக்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. நூல்களில் மட்டுமில்லை, கைத்தொழில் செய்பவர்களின் பேச்சிலும் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் எடு. அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்.

மூன்றாவது வழியில் பிறந்ததுதான் 'கெமிஸ்தம்'. கெமிஸ்ட்ரி என்று அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் 'அம்' என்று முடிந்தால்தான் தமிழ்ப் பெயர்ச்சொல் போலக் கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில் என்று வேற்றுமை ஏற்கும். 'சுகரணம்' இரண்டாவது வழி. உறுப்புகள் செவ்வனே இயங்குவதைப் பற்றிய படிப்பு என்பதைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய சொல். கிரேக்கர் எப்படிச் சொல் கட்டினார்களோ அப்படியே. இன்று இந்தச் சொற்களை யாரும் பயன்படுத்துவதில்லை. வடமொழி வாடை அதிகம் என்றும் தோன்றும். ஆனால் அவர் எடுத்த முடிவு முக்கியமானது. ஒலியைக் கடத்துவதா, பொருளைக் கடத்துவதா என்ற கேள்வியில் முடிந்தவரை பொருளின் பக்கம் நின்றார்.

அது நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். அரசாங்க வேலைக்கும் ஆங்கிலம். ஆங்கிலத்தில் படித்தவன் ஊரை விட்டுப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் இருந்து ஊராருக்கு வைத்தியம் பார்ப்பான் என்பதுதான் கிரீனின் வாதங்களில் ஒன்று. முதல் பாதி அப்படியே பலித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கப்பல் ஏறினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று நம்ம பேராக். ரயில்வே, குமாஸ்தா வேலை, ஆஸ்பத்திரி வேலை. மானிப்பாயில் தமிழாக்கப்பட்ட நூல்களுக்கு இந்த வேலைகளில் மதிப்பு இல்லை. கேட்கப்பட்ட தகுதி ஆங்கிலம்.

பேராக்கில் ரப்பரின் கதை 1877இல் தொடங்குகிறது. அந்த வருஷம் கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோ கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற ஏறக் காடு அழிந்தது. கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1912இல் தொகுக்கப்பட்ட தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி செய்துதரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. அப்படி வந்ததுதான் தோட்டத்து ஆஸ்பத்திரி. அதை நடத்தியவர் டிரசர். பல தோட்டங்களில் அவர் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்தார். பெரிய டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழாக்கி லயத்துக்குக் கொண்டுபோகும் ஒரே வாய் டிரசருடையது.

அன்றைய அரசாங்க ஆண்டறிக்கைகளில் தோட்டத்து மரணங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்: மலேரியா, டிசென்ட்ரி, டயரியா, நிமோனியா, அங்கைலோஸ்டோமியாசிஸ். மலேரியா மட்டும் இத்தாலியச் சொல், கெட்ட காற்று. மற்றவை கிரேக்கம். டிசென்ட்ரி என்றால் குடல் கோளாறு. அங்கைலோஸ்டோமியாசிஸ் என்ற வாய் கொள்ளாத பெயருக்கு அர்த்தம் வெகு சாதாரணம்: 'அங்கைலோஸ்' வளைந்தது, 'ஸ்டோமா' வாய். வளைந்த வாய்ப் புழுவால் வரும் நோய். நாம் கொக்கிப்புழு என்கிறோமே, அதுதான். அந்தப் புழு ரத்தத்தை உறிஞ்சியதால் வந்தது அனீமியா. 'அன்' இல்லை, 'ஹைமா' ரத்தம். ரத்தமின்மை. நாம் சோகை என்போம்.

ஆக ஒரே நோய்க்குப் பதிவேட்டில் ஒரு பெயர், லயத்தில் இன்னொரு பெயர். லயத்தில் சீதபேதி, வாந்திபேதி, குளிர்காய்ச்சல், சோகை. பதிவேட்டில் கிரேக்கம். இரண்டும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன என்று எடுத்துக் காட்டுவது டிரசரின் வேலையாக இருக்கவில்லை. அவருடைய வேலை கொயினாவை விழுங்க வைப்பது, ஆளை மறுநாள் பெரட்டுக்கு அனுப்புவது. நோயின் ஆங்கிலப் பெயர் ஓர் உத்தரவு மாதிரி வந்தது. அதன் ஒலி மட்டும் ஜனங்களிடம் தங்கியது, அழுத்தம் விழுந்த இடத்தில் நெடிலோடு. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. டிரசருக்கு அதிகாரபூர்வமான பெயர் மாறியது. ஜனங்கள் கடைசிவரை டிரசர் என்றுதான் சொன்னார்கள்.

ஜனங்களுக்குப் பொருள் பிடிபடாமல் இல்லை என்பதற்கு நம்மிடம் நல்ல சாட்சி இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் நீரிழிவை 'இனிப்பு நீர்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிச் சொல்வதில்லை. அங்கே சர்க்கரை, சுகர். நம்முடையது மலாயின் 'கென்சிங் மானிஸ்' என்பதோடு ஒட்டியது, இனிக்கும் சிறுநீர். டயபடீஸுக்குப் பின்னால் மருத்துவர்கள் சேர்க்கும் 'மெல்லிட்டஸ்' என்ற சொல்லுக்கும் தேன்போல் இனிப்பது என்றே பொருள். யாரும் பாடம் நடத்தாமலே இரண்டு ஏழை மொழி பேசும் சனங்கள் அருகருகே வாழ்ந்து, மருத்துவர்கள் லத்தீனில் வைத்த அதே பெயரை வைத்துக்கொண்டார்கள்.

சுதந்திரத்தையொட்டி மூன்றாவது மொழி வந்தது. 1956இல் டேவான் பஹாசா டான் புஸ்தகா உருவானது. 1972இல் மலாய்க்குப் புதிய ரூமி எழுத்துக்கூட்டல். 1975இல் கலைச்சொல் ஆக்கத்துக்கான பொது வழிகாட்டி. அறிவியல் சொற்களை ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து எடுத்து மலாய்க்கு ஏற்பத் திருத்திக்கொள்வது என்பது அதில் ஒரு முக்கிய வழி. தமிழ் காதால் எடுத்ததை மலாய் கண்ணால் எடுத்தது. கொலேரா, அனெமியா, டியாலிசிஸ், டியாபெத்தெஸ் என்று இன்று ஆஸ்பத்திரிப் பலகைகளில் பார்ப்பது இவற்றைத்தான். மலாயில் அழுத்தம் ரொம்ப மெலிது. இருந்தாலும் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசைப் பக்கம் சாயும். அதனால் மலாய்க்காரர் 'கொலேரா' என்று சொல்லும்போது, ரோமானியர் நகர்த்திய ஏற்றம் கிரேக்கர் வைத்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அவர்கள் திட்டமிட்டுச் செய்ததல்ல. மொழியின் பழக்கம் அப்படி.

ஆரம்பப் பள்ளியில் மலாய் படித்தவர்களுக்கு 'சுகு காத்தா' மறக்காது. சொல்லை அசை அசையாகக் கை தட்டிப் பிரிப்போம். டி-யா-லி-சிஸ். இங்கேயும் வெட்டு சரியான இடத்தில் விழுகிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவின் பலகையில் இருக்கும் 'ஓத்தோரினோலாரிங்ஙோலோகி' என்ற நீளமான சொல்லையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம். ஓத்தோ காது, ரினோ மூக்கு, லாரிங்ஙோ குரல்வளை, லோகி படிப்பு. நான்கு பெட்டி கோத்த ரயில் மாதிரி இணைப்புகள் தெளிவாகத் தெரியும். தமிழ்ப்பள்ளி மாணவன் யாப்பில் அசை பிரிக்கிறான், மலாயில் சுகு காத்தா பிரிக்கிறான், ஆங்கிலத்தில் சிலபிள் என்று கேள்விப்படுகிறான். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துக் காட்டினால் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வான். ஆனால் மூன்றும் மூன்று பாடவேளையில், மூன்று ஆசிரியரிடம், ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன. மலாயில் 'டியா' என்றால் அவர் என்று வேறு அர்த்தம். அதனால் 'டியாபெத்தெஸ்' என்பதில் 'டியா' ஒரு முன்னொட்டு என்று சந்தேகப்படவும் வழியில்லாமல் போகிறது.

இதெல்லாம் சொல்லாராய்ச்சி விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டுமான விஷயம் என்று தோன்றலாம். சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு முன்னால் வைக்கப்படும் தேர்வை நினைத்துப் பாருங்கள். ஹீமோடயாலிசிஸா, பெரிட்டோனியல் டயாலிசிஸா? முதலாவதில் ரத்தம் வெளியே வந்து இயந்திரத்திலுள்ள சவ்வின் ஊடாகச் சுத்தமாகித் திரும்பும். மையத்துக்குப் போய்வர வேண்டும். இரண்டாவதில் வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, வயிற்றின் உள்சவ்வையே வடிகட்டியாக வைத்துக்கொள்வது. வீட்டிலேயே செய்யலாம், ஆனால் சுத்தம் ரொம்ப முக்கியம். 'ஹீமோ' ரத்தம். 'பெரி' சுற்றி, 'டோன்' இழுத்துப் போர்த்தியது. குடலைச் சுற்றிப் போர்த்திய சவ்வு. இரண்டிலும் நடப்பது ஒரே காரியம், ஊடாகப் பிரித்தல். சவ்வு எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். சொல்லைச் சரியான இடத்தில் பிரித்துக் காட்டினால் இந்த விளக்கத்தில் முக்கால்வாசி தானாக வந்துவிடும். காட்டாவிட்டால் அறுபது வயது அம்மாவுக்கு அது இரண்டு நீளமான சத்தம். 'டாக்டர் எது சொல்றாரோ அதையே வைங்க' என்றுதான் பதில் வரும். வாழ்நாள் முழுக்கத் தொடரப்போகிற ஒரு விஷயத்தை அவர் இப்படி ஒப்படைத்துவிட வேண்டியிருக்கிறது.

கலைச்சொல்லை முழுக்கத் தமிழாக்கிவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். டயாலிசிஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'கூழ்மப் பிரிப்பு' இருக்கிறது. கிரஹாமின் பழைய வேதியியலுக்கு அது பொருத்தமான சொல்தான். ஆனால் ஈப்போவில் ரத்தம் கழுவப் போகிறவரிடம் கூழ்மம் என்றால் அதற்கும் ஒரு விளக்கம் தேவைப்படும். பலகையில் இருப்பது மலாய், ரிப்போர்ட்டில் இருப்பது ஆங்கிலம். அவற்றை வாசிக்கத் தெரிய வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம். கிரீன் மூன்று வழி சொன்னார். நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்: சொல்லை விட்டுவிடுங்கள், அதன் இணைப்பைக் காட்டுங்கள்.

அதற்குப் பெரிய அகராதி வேண்டாம். டயா ஊடாக. ஹீமோ ரத்தம். நெஃப்ரோ சிறுநீரகம். கார்டியோ இதயம். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி, நெஃப்ரைட்டிஸ் சிறுநீரக அழற்சி. ஈமியா என்று முடிந்தால் ரத்தத்தில் ஏதோ ஒன்று. 'யுரீமியா' என்றால் சிறுநீரில் போகவேண்டியது ரத்தத்தில் தேங்கிவிட்டது. இப்படி ஒரு பக்கத்தில் அடங்கும் துண்டுகள். கோயில் மண்டபங்களில் நடக்கும் இலவசச் சுகாதார முகாம்களில் ரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் நிற்கும் நேரத்தில் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடலாம். தமிழிலும் மலாயிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பேரப்பிள்ளை ஒன்றை வாசிக்கும், பாட்டி இன்னொன்றை வாசிப்பார்.

நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் 'டயஸ்போரா' என்கிறார்கள். அதுவும் அதே வாசல்தான்: 'டியா' ஊடே, 'ஸ்போரா' விதைச் சிதறல். ஆங்கிலத்தில் அதிலும் அழுத்தம் இணைப்பைத் தாண்டி நடுவில் விழுகிறது. டயாஸ், பொரா என்று உடைகிறது. தமிழில் டயஸ், போரா. 'ஸ்' முன்னால் ஒட்டிக்கொள்வதால் இங்கே நாமும் கொஞ்சம் தப்பாகத்தான் வெட்டுகிறோம். மானிப்பாயிலிருந்தும் தஞ்சை, சேலம் கிராமங்களிலிருந்தும் சிதறி வந்து ஒரே தோட்டத்தில் டிரசராகவும் பால்வெட்டுக்காரராகவும் எதிரெதிரே நின்றவர்கள், ஒரே மொழி பேசியும் நோயின் பெயரை மட்டும் பகிர்ந்துகொள்ளவில்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் நர்ஸ், டாக்டர், மருந்தாளர் எல்லாம் இருக்கிறார்கள். டயாலிசிஸ் மையத்தில் ஊசியை ஏற்றும் கை பல நேரம் தமிழ்க் கை. 'டயான்னா ஊடால, லிசிஸ்னா பிரிக்கிறது பாட்டி' என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.